காதை எட்டாத கை

எனக்கு இரண்டு பிறந்தநாள். சான்றிதழ்களில் இருப்பது 5.5.1993. அம்மாவின் கணக்கு வேறு. "தீவாளி கழிஞ்சு ரெண்டு நாள்ல பொறந்த. நீ பொறந்து இருவது நாள்ல புயல் அடிச்சுது. ஒன்ன முந்தானையில சுருட்டிக்கிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல படுத்தோம்." அந்தப் புயல் 1993 டிசம்பர் முதல் வாரத்தில் காரைக்கால் பக்கம் கரையைக் கடந்தது. ஆக, நான் பிறந்தது நவம்பர் நடுவில். அரசாங்கத்தின் கணக்கில் அதற்குள் நான் தவழ ஆரம்பித்திருக்க வேண்டும்.

இது என் ஒருவனின் கதை இல்லை என்பது பல்கலைக்கழக விடுதிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மே, ஜூன் மாதங்களில் எங்கள் தளத்தில் கேக் வெட்டி மாளாது. ஒரு நாள் விளையாட்டாகக் கணக்கெடுத்தோம். பதினோரு பேரில் ஆறு பேருக்கு அந்த இரண்டு மாதத்தில் பிறந்தநாள். ஆறு பேருமே வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். ஆறு பேருக்கும் பிறந்த தேதி வைத்தது பெற்றோர் இல்லை, தலைமையாசிரியர்.

எப்படி வைப்பார்கள் என்று இன்றைய தம்பி தங்கைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது, ஒன்றாம் வகுப்பில் உட்காரலாம். குழந்தை வளர வளரத் தலையைவிடக் கை வேகமாக நீளும் என்பதுதான் இதிலிருக்கும் கணக்கு. வயிறு காய்ந்த பிள்ளையின் கை எவ்வளவு நீளும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. என் கை எட்டவில்லை. அம்மா என் முழங்கையைப் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தாராம். விரல் நுனி காதுக்கு மேலே முடியில் நின்றுவிட்டது. தலைமையாசிரியர் சிரித்துவிட்டு, "பரவால்ல, அஞ்சு முடிஞ்சதா எழுதிக்கிறேன்" என்று மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டார்.

அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. பள்ளி திறக்கும் வாரத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு காலனித் தெருவுக்குள்ளேயே வந்து, "புள்ளைங்கள அனுப்புங்க" என்று வீடு வீடாகக் கேட்டவர் அவர். ஊர்க்காரர், ஆதிக்கச் சாதிக்காரர், ஆனால் அந்த வேலையைச் செய்தார். அவர் எழுதிய பொய்யால்தான் நான் உள்ளே போனேன். அதற்கு நான் கடன்பட்டவன். அந்தப் பொய்க்கான வட்டியையும் நான்தான் கட்டினேன், அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. போன மாதம் என் சிறுவயதுக் கூட்டாளி தொலைபேசியில் அழைத்தான். காலனியில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி அவன் வீடு. இருவரும் ஒரே நாளில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தோம். அவன் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டான், இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். "டேய், பாப்பாவ இந்த வருசம் ஒண்ணாப்பு சேக்கறதா, அடுத்த வருசம் சேக்கறதா? நீதான் படிச்சவன், சொல்லு" என்றான். அவன் மகள் 2020 ஜூலை 22இல், ஊரடங்குக் காலத்தில் அரசு மருத்துவமனையில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது, யாரும் தேதி எழுத வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஜூலை 31க்குள் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பில் சேரலாம். ஒன்பது நாள் இடைவெளியில் அவள் உள்ளே வந்துவிடுகிறாள். வகுப்பிலேயே சின்னவளாக.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இருபத்தேழு ஆண்டுக்கு முந்தைய ஒரு வகுப்பறை நினைவுக்கு வந்துவிட்டது.

1998 ஜூனில் நான் பள்ளிக்குப் போனபோது என் உண்மையான வயது 4 ஆண்டு 7 மாதம். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று அம்மாவிடம் பிறகு கேட்டிருக்கிறேன். "நடவுக்குப் போனா ஒன்ன எங்க வுட்டுட்டுப் போறது?" பால்வாடி இருந்தது, ஊர்த்தெருவில். அங்கே காலனிப் பிள்ளைகளை ஆயா தொட்டுத் தூக்க மாட்டார், மூக்கு ஒழுகினால் துடைக்க மாட்டார். சத்துணவு பள்ளிக்கூடத்திலும் உண்டு. மூன்றாம் வகுப்பில் அக்கா இருந்தாள். எனவே என்னை அக்காவின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு அம்மா வயலுக்குப் போனார். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்தது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். சரிதான். பசி எங்களைச் சில மாதம் முன்கூட்டியே இழுத்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வகுப்புத் தலைவன் ஊர்க்காரப் பையன். ஆடி மாதம் பிறந்தவன், எனக்கு 15 மாதம் மூத்தவன். நாற்பது வயதில் 15 மாதம் ஒன்றுமில்லை. அன்றைக்கு நான் பூமிக்கு வந்தே 55 மாதம்தான். அவன் 70 மாதம். நான் வாழ்ந்த காலத்தில் கால் பங்குக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்துவிட்டு, பால்வாடியில் இரண்டு ஆண்டு பாட்டும் கதையும் கேட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் என்று எழுதுவது வாய்ப்பழக்கம், அவன் முன்வரிசை. அவனுக்குப் பலப்பம் பிடிக்க வந்தது. எனக்கு விரலில் பிடி நிற்காது, 'அ' போடச் சொன்னால் சிலேட்டுக்கு வெளியே போய் முடியும். மதியச் சாப்பாடு முடிந்ததும் தூக்கம் வந்துவிடும். இரண்டு மூன்று தடவை கால்சட்டையிலேயே போய்விட்டேன். மூன்றாம் வகுப்பிலிருந்து அக்காவை அழைத்து வந்து தரையைக் கழுவச் சொன்னார்கள். அக்கா அழுதுகொண்டே கழுவினாள். அந்த அழுகைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நாலரை வயதுப் பிள்ளை மதியம் தூங்கும். பலப்பத்தை அழுத்திப் பிடிக்கும் தசை அதன் விரலில் இன்னும் உருவாகியிருக்காது. நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் உட்காராது. எந்தச் சாதிப் பிள்ளையாக இருந்தாலும் இப்படித்தான். ஆனால் ஆசிரியர் அங்கே ஒரு நாலரை வயதுப் பிள்ளையைப் பார்க்கவில்லை. "இவங்க தெருவுக்கே படிப்பு ஏறாது" என்று பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொன்னார். தாழ்ந்த குரலில்கூட இல்லை. எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. எங்களுக்குக் கேட்டுப் புரியும் என்றும் நினைத்திருக்க மாட்டார்.

காலனியிலிருந்து அந்த ஆண்டு சேர்ந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் வயது முன்தள்ளி எழுதப்பட்டிருந்தது. ஐந்து பேரும் எழுத்தில் பின்தங்கினோம். இதைவிட நல்ல ஆதாரம் ஒரு சாதிய மனத்துக்கு எங்கே கிடைக்கும்? கண்ணெதிரே ஐந்து பிள்ளைகள், ஐவரும் ஒரே தெரு, ஐவரும் மக்கு. பிறந்த மாதம் செய்த வேலையைப் பிறந்த சாதியின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கல்வியியல் கட்டுரைகளைப் புரட்டத் தொடங்கிய பிறகுதான் இதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது: ஒப்பீட்டு வயது விளைவு. ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி இருக்கும், அந்த இடைவெளி திறமை வேறுபாடாகத் தோன்றும் என்பதுதான் விஷயம். கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1985இல் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களைப் பார்த்தார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத்தவர்கள் குவிந்திருந்தார்கள், ஆண்டின் கடைசியில் பிறந்தவர்கள் சொற்பம். காரணம் எளிது. அங்கே சிறுவர் அணிகளுக்கு வயது வரம்பு ஜனவரி 1. ஜனவரியில் பிறந்தவன் கொஞ்சம் உயரமாக இருப்பான், அவனைத் திறமைசாலி என்று எடுப்பார்கள், எடுத்தவனுக்கு நல்ல பயிற்சி கிடைக்கும், பயிற்சி கிடைத்தவன் பிறகு உண்மையிலேயே திறமைசாலியாகிவிடுவான். 'தகுதி' என்ற சொல்லை யாராவது உங்கள் முகத்துக்கு நேரே நீட்டும்போது இந்த ஹாக்கிக் கதையை நினைவில் வைத்திருங்கள், தோழர்களே.

பள்ளிக்கூடத்தைப் பற்றி 2006இல் கெல்லி பெடார்டும் எலிசபெத் டூயியும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல வளர்ந்த நாடுகளின் கணித, அறிவியல் தேர்வு மதிப்பெண்களை எடுத்துக்கொண்டு பார்த்தபோது, நான்காம் வகுப்பில் இளைய பிள்ளைகள் மூத்தவர்களைவிடத் தரவரிசையில் நூற்றுக்கு 4 முதல் 12 இடங்கள் வரை பின்தங்கியிருந்தார்கள். எட்டாம் வகுப்பு வந்தபோதும் இடைவெளி மறையவில்லை, 2 முதல் 9 இடங்கள். வயதால் வந்த இடைவெளி வயது ஏற ஏறத் தானாகச் சரியாகிவிடும் என்பதுதான் நம் ஆசிரியர்களின் சமாதானம். அது முழுதாகச் சரியாவதில்லை. ஒன்றாம் வகுப்பில் கிடைத்த பெயர் பிள்ளையோடு அடுத்தடுத்த வகுப்புக்கும் ஏறிப்போகிறது.

என்னை அதிகம் உலுக்கியது 2012இல் வெளிவந்த இன்னொரு கனடா ஆய்வு. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். அங்கே பள்ளிச் சேர்க்கைக்கான எல்லை டிசம்பர் 31. டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 விழுக்காடு அதிகமாக ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைபாடு இருப்பதாக மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். பெண் பிள்ளைகளில் 70 விழுக்காடு அதிகம். டிசம்பர் மாதத்துக்கு ஒரு நோய் இருக்க முடியாது. வகுப்பில் சின்னப் பிள்ளை சின்னப் பிள்ளையாக நடந்துகொண்டது, அதற்கு ஒரு நோயின் பெயரை வைத்து மாத்திரையும் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு வைத்த பெயர் ஏடிஹெச்டி. எங்களுக்கு வைத்த பெயர் உங்களுக்குத் தெரியும். வேறுபாடு என்னவென்றால், அவர்களுக்கு வைத்த பெயர் தவறு என்று கண்டுபிடிக்க முடிந்தது, ஏனென்றால் அவர்களின் பிறந்த தேதி உண்மை. இங்கே அந்த ஆய்வை என் தலைமுறையை வைத்து யாரும் செய்துவிட முடியாது. பதிவேட்டில் இருக்கும் தேதியே புனைவு. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 0இலும் 5இலும் முடியும் வயதுகள் மட்டும் குன்றாகக் குவிந்திருக்கும் என்பது மக்கள்தொகையியலில் பழைய செய்தி. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. எங்கள் காலனியில் அது நுழைய அதற்கப்புறம் முப்பது ஆண்டு ஆனது. யாருக்குப் பிறந்த தேதி இல்லையோ அவர்கள்தான் பெரும்பாலும் வகுப்பின் இளைய பிள்ளைகள், எனவே எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர்கள் இளையவர்களாகத் தெரிய மாட்டார்கள். பின்தங்கியவர்களாக மட்டும் தெரிவார்கள்.

இந்தப் பொய்த் தேதி பள்ளியோடு முடிவதும் இல்லை. என் பெரியப்பா நகராட்சியில் தூய்மைப் பணியாளர். வேலைக்குச் சேரும்போது எவரோ எழுதிய வயது அவருடைய நிஜ வயதைவிட மூன்று ஆண்டு அதிகம். பணியில் சேர்ந்த 5 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால்தான் தேதியைத் திருத்த முடியும் என்பது அவருக்குப் பணி ஓய்வுக் கடிதம் வந்த அன்றுதான் தெரிந்தது. உடம்பில் தெம்பிருந்த மூன்று ஆண்டுச் சம்பளம் போயிற்று. இதை எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

எல்லாப் பழியையும் வயதின் மீது போட்டுவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். காலனியிலிருந்து ஏழு வயதில் வந்து சேர்ந்த பிள்ளைகளும் உண்டு, அவர்களும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு, "எருமை மாதிரி வளந்திருக்க, இன்னும் ஒண்ணாப்பா?" என்று வேறு வசை. சின்னவனாக வந்தால் மக்கு, பெரியவனாக வந்தால் எருமை. எந்த வயதில் வந்தாலும் எங்களுக்கென்று ஒரு சொல் தயாராக இருந்தது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ஒரு சாதாரண இயற்கை வேறுபாட்டை, எந்த நாட்டு வகுப்பறையிலும் இருக்கும் ஒன்றை, இங்கே சாதி தன் சாட்சியாகக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறது.

நான்காம் வகுப்பில் எனக்கு எழுத்து பிடிபட்டது. ஒரு புது டீச்சர் வந்தார், அவர்தான் காரணம் என்று பல நாள் நினைத்திருந்தேன். அவரும் ஒரு காரணம்தான், ஆனால் எனக்கு அப்போது உடம்பில் எட்டு வயதும் ஆகியிருந்தது. ஆறாம் வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தேன். அப்போது வேறொரு பேச்சு தொடங்கியது. "அந்தத் தெருவுல பொறந்து இப்படிப் படிக்கிறானே!" என்னைத் தெருவிலிருந்து பிரித்து வைத்துப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்கு அன்று இனித்தது என்று ஒப்புக்கொள்கிறேன். கூட்டாளி அப்போதும் கடைசி வரிசையில்தான். அவன் என்னைவிட இரண்டு மாதம் சின்னவன், வயிற்றில் பூச்சி, வீட்டில் அப்பா இல்லை. அவனுக்கு எழுத்து பிடிபட இன்னும் ஓராண்டு தேவைப்பட்டிருக்கும். அந்த ஓராண்டை யாரும் கொடுக்கவில்லை. ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சை விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. செங்கல் சூளைக்குப் போய்விட்டான். அவன் போனதைப் பற்றி யாரும் வந்து விசாரித்ததாக எனக்கு நினைவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

இளைய பிள்ளைகளில் பல்கலைக்கழகம் வரை போனவர்கள், சில இடங்களில் மூத்தவர்களைவிட நன்றாகப் படிப்பதாகவும் ஆய்வுகள் உண்டு. ஒரு கருத்தரங்கில் பேராசிரியர் ஒருவர் அதை என்னிடம் உற்சாகமாகச் சொன்னார், "பாருங்க, நீங்களே உதாரணம்!" என்றார். ஐந்து பேரில் நான் ஒருவன்தான் வந்தேன் என்று அவருக்குச் சொன்னேன். கல்லூரியில் எண்ணும்போது வந்தவர்களைத்தான் எண்ண முடியும். நம் இயக்க மேடைகளும் இதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காலனியிலிருந்து படித்து வந்த ஒருவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். நல்லதுதான், பார்க்கிற பிள்ளைக்கு ஒரு நம்பிக்கை. ஆனால் எதிர்த்தரப்புக்கும் அதே பொன்னாடை உதவுகிறது: "அவனால முடிஞ்சுது இல்ல? உன்னால ஏன் முடியல?"

சரி, கூட்டாளியின் கேள்விக்கு வருகிறேன். ஓராண்டு பொறுத்துச் சேர்க்கலாமா?

வசதியுள்ள வீடுகளில் இதற்குப் பதில் சுலபம். ஓராண்டு பொறுக்கலாம், கூடுதலாக ஒரு வருடம் கிண்டர்கார்டனில் வைத்திருந்து வகுப்பிலேயே மூத்த பிள்ளையாக அனுப்பலாம். அப்படிச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். என் கூட்டாளியின் மனைவி காலை 6 மணிக்குக் காலணி கம்பெனி வேனில் ஏறிவிடுவார். காலனி அங்கன்வாடியில் ஊழியர் பணியிடம் காலி, பக்கத்து ஊர் ஊழியர் வாரத்தில் மூன்று நாள் வந்து பூட்டைத் திறக்கிறார். பாப்பா இன்னும் ஓராண்டு வீட்டில் இருந்தால் என்ன செய்வாள்? பாட்டியோடு ஆட்டின் பின்னால் போவாள். அதோடு பள்ளியில் 2022இலிருந்து காலை உணவும் கிடைக்கிறது. என் அம்மாவை அன்று தள்ளிய அதே கை இன்று அவனையும் தள்ளுகிறது.

ஒன்றிய அரசு இதற்கு ஒரு தீர்வு வைத்திருப்பதாகச் சொல்கிறது: ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது. 2020 தேசியக் கல்விக் கொள்கையில் அப்படித்தான் இருக்கிறது, கேந்திரிய வித்யாலயாக்களில் 2022 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. 2023இல் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் அனுப்பினார்கள். தமிழ்நாட்டில் ஐந்து வயதுதான் தொடர்கிறது. ஆறு வயதில் பிள்ளையின் விரலும் கவனமும் இன்னும் கொஞ்சம் முதிர்ந்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி, அந்த ஆறு வயது வரை பிள்ளை எங்கே இருக்கும் என்பது. மூன்றிலிருந்து ஆறு வரை நல்ல முன்பருவக் கல்வி இருக்கும் வீட்டுக்கு அது கூடுதல் ஓராண்டுத் தயாரிப்பு. பூட்டிய அங்கன்வாடி இருக்கும் தெருவுக்கு அது கூடுதல் ஓராண்டு வெற்றிடம். மேலும், எல்லையை எங்கே நகர்த்தினாலும் எல்லைக்கு அருகில் பிறந்த ஒரு பிள்ளை இருக்கும், வகுப்பில் யாராவது ஒருவர் சின்னவராக இருந்தே தீருவார். அந்தச் சின்னவரை என்ன சொல்லி அழைக்கிறோம், எந்த வரிசையில் உட்கார வைக்கிறோம் என்பதை எந்தத் தேதியாலும் மாற்ற முடியாது.

அதே ஒன்றிய அரசுதான் 2019இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி 5, 8 ஆம் வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்திவைக்க வழி செய்தது. அன்றைய தமிழ்நாடு அரசு அந்த இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதால் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் கட்டாயத் தேர்ச்சியை நீக்கியே விட்டது. இந்த விவாதத்தில் 'தரம்' என்ற சொல் ஆயிரம் தடவை வந்தது. ஐந்தாம் வகுப்புத் தேர்வில் முதலில் விழுவது யார் என்று கேட்டவர்கள் குறைவு. வகுப்பின் சின்னப் பிள்ளைகள் விழுவார்கள், வீட்டில் எழுத்து இல்லாதவர்கள் விழுவார்கள், இரண்டுமாக இருப்பவர்கள் முதலில் விழுவார்கள். பத்து வயதில் ஒரு பிள்ளைக்கு 'தோல்வி' என்று எழுதிக் கொடுத்தால் அதன் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "படிப்பு வரலன்னா வேலைக்கு வா" என்று சூளை முதலாளி வாசலில் நிற்பார். 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று திட்டமாகவே கொண்டுவந்தார். இப்போது திட்டம் தேவையில்லை, ஒரு மதிப்பெண் தாள் போதும்.

வழி இல்லாமல் இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் நினைவிருக்கிறதா? என் சித்தி மகன் அதில் படித்தான். சுவரில் ஏணிப்படி வரைந்திருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியைத் தானே தேடி, அதற்குரிய அட்டையை எடுத்து, தரையில் குழுவாக உட்கார்ந்து படிக்கும். ஒரு பிள்ளை பத்தாவது படியில், இன்னொன்று பதினேழில். முன்வரிசை, கடைசி வரிசை இல்லை, ஏனென்றால் வரிசையே இல்லை. அட்டைகள் கிழிந்தன, ஆசிரியர்கள் போதவில்லை, பல இடங்களில் பெயருக்கு நடந்தது, எல்லாக் குறைகளையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் வயதில் சின்ன ஒரு பிள்ளைக்கு "நீ மெதுவாக வா" என்று சொன்ன ஒரே ஏற்பாட்டை நான் பார்த்தது அங்கேதான். என் கூட்டாளிக்குத் தேவைப்பட்ட அந்த ஓராண்டு, அந்த ஏணியில் யாரையும் கேட்காமலே கிடைத்திருக்கும். பிறகு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பிள்ளைகளை நிலை பிரித்துத்தான் கற்பிக்கிறார்கள். நிலையை நிரந்தர முத்திரையாக ஆக்கிவிடாத வரை அது நல்லது. அங்கன்வாடிகளில் 2019இல் 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். 2022இல் அதை நிறுத்தப்போகிறார்கள் என்று செய்தி வந்து, எதிர்ப்புக்குப் பிறகு தொடர்ந்தது. அதைக் காலனிக்குள் இருக்கும் ஒவ்வொரு மையத்துக்கும் கொண்டுபோ என்று கேட்பது நம் கோரிக்கைப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? உயர்கல்வி இடஒதுக்கீட்டுக்கு நாம் கொடுக்கும் குரலில் கால் பங்காவது நாலு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கிறோமா? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். என் ஆய்வே உயர்கல்வியைப் பற்றியதுதான்.

செலவில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் பிள்ளையின் வயதை மாதக் கணக்கில் எழுதி வைக்கலாம். 58, 61, 69. ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பெயரை அழைத்தால், "இது ஏன் தூங்குது" என்ற கேள்விக்குத் தெருவைத் தேட வேண்டியிருக்காது. சாதியை மனதில் வைத்திருப்பவருக்கு எண் என்ன செய்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். அவருக்கு ஒன்றும் செய்யாது. அப்படி இல்லாத, ஆனால் பழக்கத்தால் அதே சொல்லைச் சொல்லிவிடுகிற பல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவும்.

மூன்று நாள் கழித்துக் கூட்டாளியை அழைத்தேன். இந்த வருடமே சேர் என்றேன். மனதுக்குள் ஒரு பக்கம் வேண்டாம் என்றது, அக்கா தரை கழுவியது கண்ணில் நின்றது. ஆனாலும் பூட்டிய அங்கன்வாடிக்கும் திறந்த பள்ளிக்கூடத்துக்கும் இடையே அவனுக்கு உண்மையில் இரண்டு வழி இல்லை. "சேத்துட்டு, டீச்சர்கிட்ட போயி, இவ ஜூலையில பொறந்தவ, கிளாஸ்லயே சின்னவ, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கன்னு சொல்லு" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் போயி சொன்னா கேப்பாங்களாடா?" என்றான். பிறகு, "என்ன நிக்க வச்சி, நீ எத்தனாவது படிச்சன்னு கேட்டா?"

அதற்கு என்னிடம் ஆய்வுக் கட்டுரை எதுவும் இல்லை. நானும் வருகிறேன் என்றேன். பள்ளி திறக்கும் நாளில் விடுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் 'மகளைப் பள்ளியில் சேர்க்க' என்று எழுதியிருக்கிறேன். எனக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை என்பது என் நெறியாளருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நேற்று இரவு அவன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். பாப்பா வீட்டு வாசலில் நின்று வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட முயல்கிறாள். அவளுடைய பாட்டி சொல்லிக் கொடுத்திருக்கிறார். விரல் முடிக்குள்ளேயே நிற்கிறது. கையை இறக்கிவிட்டு மறுபடியும் தூக்குகிறாள்.